நோர்வேக்காரி சொன்ன நாலு சொல்

யாழ்ப்பாணத் தபாற்கந்தோரில் வெளிநாட்டுக்குக் கதைப்பதற்கென்று ஒரு கூண்டு இருந்தது. ஒரு ஆள் நிற்கலாம். இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டும். அதற்குள் இருந்த ரெலிபோனில் ஊரில் பாதிப்பேர் வாயை வைத்துக் கத்தியிருப்பார்கள். வெற்றிலையும் சுருட்டும் காய்ந்த எச்சிலும் சேர்ந்த ஒரு மணம் அதில் ஊறிக் கிடந்தது. அந்தக் கூண்டுக்குள் சித்தப்பாவோடு நெருக்கியடித்துக்கொண்டு நின்றுதான், ஐயா செத்துப்போன செய்தியை நோர்வேயில் இருந்த அண்ணைக்குச் சொல்லப் பார்த்தேன்.

அது எண்பத்தாறாம் ஆண்டு. நான் பல்கலைக்கழகத்துக்குப் போக ஏ.எல். சோதனை எடுத்துவிட்டு மறுமொழிக்குக் காத்திருந்த பெட்டை. எங்களுடையது நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்கிற குடும்பம். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு இளம் பெடியனை வீட்டில் வைத்திருக்கப் பயந்து, ஐயா ஒரு துண்டுக் காணியை விற்று அண்ணையை நோர்வேக்குப் படிக்க அனுப்பியிருந்தார். ஐயா சாவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் அண்ணை அங்கே வேறு ஊருக்கு மாறினார். புது விலாசம் எங்களுக்கு இன்னும் வரவில்லை. ஒரு நம்பர் மட்டும் வந்திருந்தது. சிகரெட் பெட்டி மட்டையைக் கிழித்து, அவசரமென்றால் எடுக்கச் சொல்லித் தன் கையாலேயே எழுதி, கொழும்புக்கு வந்த யாரிடமோ அண்ணை கொடுத்துவிட, அந்த ஆள் அதை உறையில் போட்டு எங்களுக்கு அனுப்பியிருந்தார்.

ஐயா அன்று தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போனவர். மிசின் ஓடிக்கொண்டேயிருந்தது. வாய்க்கால் உடைந்து தண்ணீர் பக்கத்துத் தோட்டத்துக்குள் போக, அந்தத் தோட்டக்காரர் ஏசுவதற்காக வந்தார். வந்தவர்தான் வாழைகளுக்கு நடுவே ஐயா குப்புறக் கிடந்ததைக் கண்டார். மகன் கிட்ட இல்லாததால் ஐயாவின் தம்பி, என் சித்தப்பா, கொள்ளி வைத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதுவும் அவர் சொன்னபடிதான் நடக்கவேண்டும் என்று ஆனது.

"முப்பத்தொண்டுக்கு முதல் அவனுக்குத் தெரியவேணும்," என்றாள் அம்மா. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. கீரிமலையில் செய்கிற கிரியை. "வரேலாட்டிலும் பரவாயில்லை. அங்கை நிண்டு ஒருக்கால் முழுகட்டும்."

அதற்காகத்தான் தபாற்கந்தோருக்குப் போனோம். கோட்டையில் இருந்த ஆமி அடிக்கிற செல் வந்து விழுந்தால் அதைப் பூட்டிவிடுவார்கள். அன்று பூட்டவில்லை. அழைப்புக் கிடைக்கும் வரை வாங்கில் இருந்தோம். சித்தப்பா பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் தான் கொள்ளி வைத்த கதையைச் சொன்னார்.

கடைசியில் கூப்பிட்டார்கள். கொழும்பிலிருந்து ஒரு பெண், "பேசுங்க, பேசுங்க," என்றாள். அந்தப் பக்கத்தில் ஒரு வயதான பெண்ணின் குரல் கேட்டது. நான் அண்ணையின் பெயரைச் சொன்னேன். அவள் எதையோ கேட்டாள். நான் மறுபடியும் பெயரைச் சொல்லி, "ஃபாதர் டெட், ஃபாதர் டெட்," என்று கத்தினேன். அவள் நாலு சொல் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

திரும்ப எடுத்தோம். அதே பெண். இந்த முறை சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தி அதே நாலு சொல்லைச் சொன்னாள். நான் சித்தப்பாவின் சட்டைப்பையில் இருந்த பேனையை இழுத்து, காதில் விழுந்ததை விழுந்தபடியே தமிழ் எழுத்தில் உள்ளங்கையில் எழுதினேன்.

டூ ஹார் ஸ்லொட் பெயில்.

மூன்றாம் முறை எடுத்தபோது அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. சொல் அதேதான், குரல்தான் வேறு.

"என்னவாம்?" என்றார் சித்தப்பா. அவருடைய வெற்றிலை மூச்சு என் கன்னத்தில் பட்டது.

"விளங்கேல்லை."

"நீதானே இங்கிலீசு படிச்சனீ?"

"இது இங்கிலீசில்லை சித்தப்பா."

"வெள்ளைக்காரியள் இங்கிலீசு கதையாமல் வேறை என்னத்தைக் கதைக்கிறவளவை?"

வீட்டுக்குத் திரும்பியபோது முற்றத்துப் பந்தலின் கீழ் ஆட்கள் இருந்தார்கள். செத்தவீடு விசாரிக்க வந்தவர்கள். அவர்களுக்குள் ஓய்வுபெற்ற இங்கிலீசு மாஸ்ரர் ஒருவரும் இருந்தார். சித்தப்பா என் கையைப் பிடித்து இழுத்துப்போய் உள்ளங்கையை அவருக்குமுன் விரித்துக் காட்டினார். மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"உதிலை என்ன விளங்காமல் கிடக்கு? பெயில் எண்டால் பெயில்தான். பெடியன் சோதினையிலை பெயில்."

"மற்றச் சொல்லுகள் மாஸ்ரர்?" என்று கேட்டேன்.

"டூ எண்டால் ரண்டு. ரண்டு தரம் பெயில். ஹார் எண்டது ஹாட். பாடம் கஸ்டம். அவையின்ரை உச்சரிப்பு அப்பிடி."

"ஸ்லொட்?"

"அதை விடும்."

யாரும் ஐயாவைப் பற்றிக் கதைப்பதை அதோடு விட்டார்கள். அயலிலிருந்து எங்களுக்கென்று கொண்டுவந்து வைத்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே, காணி விற்று அனுப்பிய பெடியன் இரண்டு தரம் பெயிலான கதையைக் கதைத்தார்கள். முகங்களில் ஒரு தெளிச்சி வந்தது. அதுவரை பேசாமல் இருந்த ஒரு மாமி, "எடுத்தது பொம்பிளைக் குரலெண்டெல்லே சொல்லுகினம். அவளோடை இருந்தால் எங்காலை பாஸ் பண்ணுறது?" என்றாள். குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னாள். நான் குசினிக்குள் போய்க் கையைக் கழுவினேன். எழுத்து அழியக்கூடாது என்பதற்காக அதற்குமுன் ஒரு கடுதாசித் துண்டில் பெயர்த்து எழுதிக்கொண்டேன்.

அம்மா மட்டும் நம்பவில்லை. "மாஸ்ரருக்கு அந்தப் பாசை தெரியுமோ? தெரியாது. அப்ப தெரிஞ்ச ஆரையும் போய்க் கேள் பிள்ளை," என்றாள்.

முன்னொரு காலத்தில் குருநகரில் நோர்வேக்காரர் கொஞ்சப் பேர் வள்ளம், மிசின் வேலைகளுக்கு வந்திருந்தார்கள் என்று யாரோ சொன்னார்கள். நானும் சித்தப்பாவும் போனோம். கரையில் விசாரித்து, அவர்களோடு வேலை செய்த ஒருவரைக் கண்டுபிடித்தோம். வலை உலர்த்திக்கொண்டிருந்தார். நான் கடுதாசியைப் பார்த்து வாசிக்க, காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

"நன்றி சொல்லுறதும் பத்துவரைக்கும் எண்ணுறதும்தான் எனக்குத் தெரியும் பிள்ளை. உது தெரியாது," என்றார். "சுன்னாகத்திலை ஒரு பெடியன் நோர்வேயிலையிருந்து லீவிலை வந்து நிக்கிறான். இஞ்சை வந்து பெரிய விளைமீனாய்ப் பாத்து வாங்கிக்கொண்டு போனவன். அவனைக் கேளுங்கோ."

தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். அவருடைய மனைவி எங்களுக்குத் தண்ணீர் தந்தாள். அந்த நாட்களில் நான் அருவருப்பில்லாமல் குடித்த தண்ணீர் அது ஒன்றுதான்.

சுன்னாகத்து வீட்டைக் கண்டுபிடிப்பது கஸ்டமாக இருக்கவில்லை. சந்தையில் கேட்டவுடனேயே வெங்காயக்காரர் எல்லாரும் ஒரே பக்கம் கையைக் காட்டினார்கள். புதிதாகச் சாயம் அடித்த கேற். உள்ளே மாமரத்தின் கீழ் கதிரைகள். நோர்வேயிலிருந்து வந்தவரும் அவருடைய சிநேகிதர் மூன்று நாலு பேரும் இருந்தார்கள். ஒரு ஸ்ரூலில் ரேப் ரெக்கோடர் பாடிக்கொண்டிருந்தது. அவர் மாம்பழம் தின்றுகொண்டிருந்தார். வெட்டித் தின்னவில்லை, தோலைப் பல்லால் உரித்து, கொட்டையைச் சூப்பி, சாறு முழங்கை வரைக்கும் ஒழுக ஒழுகத் தின்றார். நோர்வேயில் அது கிடைக்காது என்று பாவப்பட்டுத்தான் முதலில் பார்த்தேன்.

"செத்தவீட்டுத் துடக்கோடை வந்திருக்கிறம் தம்பி. உள்ளுக்கு வரேல்லை," என்றார் சித்தப்பா. பிறகு விசயத்தைச் சொன்னார். ஐயா செத்தது, அண்ணைக்குத் தெரியாதது, எடுத்த நம்பரில் ஒரு பெண் சொன்னது எல்லாவற்றையும் வடிவாகச் சொன்னார். அதை நான் இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். சித்தப்பா ஒன்றையும் மறைக்கவில்லை. அவர்களுக்கு எல்லாம் தெரியும்.

"எங்கை, அவள் சொன்னதைச் சொல்லும் பாப்பம்," என்றார் அவர் என்னைப் பார்த்து.

நான் வாசித்தேன்.

அவர் சூப்புவதை நிறுத்தினார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. சிநேகிதரைப் பார்த்தார். "இன்னொருக்கால் சொல்லும். இந்தப் பெயில் எண்டதைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லும்."

சொன்னேன். சிநேகிதர்களுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனாலும் சிரித்தார்கள். அவர் சிரிக்கிறாரே என்று சிரித்தார்கள்.

"பொறும், பொறும்." மாம்பழச்சாறு வழிந்த பெருவிரலால் ரேப் ரெக்கோடரின் பட்டனை அமத்தினார். பாட்டு நின்றது. இன்னும் இரண்டு பட்டன்களைச் சேர்த்து அமத்தினார். "இப்ப சொல்லும். இதுக்குக் கிட்ட வந்து."

"ஏன் அண்ணை, ரேப்பிலை பதியிறீங்கள்?"

"வடிவாய்க் கேட்டால்தானே விளங்கும்? சொல்லும் தங்கச்சி."

நான் ஸ்ரூலுக்குக் கிட்டக் குனிந்து சொன்னேன். செத்தவீட்டுக்கென்று உடுத்திய வெள்ளைச் சீலையோடு, குனிந்து, அந்த ரேப் ரெக்கோடருக்குள் சொன்னேன். திரும்பவும் சொல்லச் சொன்னார். கோபமாகச் சொல்லச் சொன்னார். பிறகு மெதுவாக, அன்பாகச் சொல்லச் சொன்னார். ஒருவன் கதிரையிலிருந்து விழுந்துவிடுவதுபோலச் சிரித்தான். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன கருத்து அண்ணை?" என்று கேட்டேன்.

அவர் வாயைத் துடைத்தார். முகத்தைச் சாவுவீட்டுக்கேற்ற மாதிரி ஆக்கிக்கொண்டார். "தங்கச்சி, உது பொம்பிளைப் பிள்ளையளுக்கு விளங்கப்படுத்திற கதையில்லை. சித்தப்பாவுக்குச் சொல்லுறன்."

இருவரும் கிணற்றடிப் பக்கம் போனார்கள். அவர் சித்தப்பாவின் தோளில் கையைப் போட்டுக் காதுக்குள் சொன்னார். சித்தப்பா முதலில் திடுக்கிட்டார். பிறகு அவருடைய முகத்தில் வந்த சிரிப்பு இருக்கிறதே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. துடக்கு என்று வீட்டுக்குள் கால் வைக்காதவர், கிணற்றடியில் நின்று அவர்கள் நீட்டிய வெளிநாட்டுச் சாராயத்தை வாங்கி ஒரே வாயில் குடித்தார். தமையன் செத்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை.

வரும் வழியில் நான் எத்தனை முறை கேட்டும் சித்தப்பா சொல்லவில்லை. "உனக்கு வேண்டாம்," என்றார். எனக்குச் சொல்லாததை ஊர் முழுக்கச் சொன்னார். அடுத்த நாள் பக்கத்து வீட்டு அக்கா வேலியடியில் வைத்து அதை எனக்குச் சொன்னாள். "நாங்கள் ரண்டு பேரும் படுத்திருக்கிறம், கரைச்சல் தராதை," என்றுதான் அந்த வெள்ளைக்காரி சொன்னாளாம். தகப்பன் செத்ததைக் கேட்டும் அண்ணை பக்கத்தில் கிடந்தபடியே அவளைக் கொண்டு அப்படிச் சொல்லுவித்தாராம். அக்கா இதைச் சொல்லும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அது எப்படி இறங்குகிறது என்று பார்த்தாள்.

நான் அதை நம்பினேனா என்று கேட்டால், முழுதாக நம்பவில்லை. ஆனால் நோர்வேயில் இருக்கிற ஒருவர் சொல்கிறார். அந்தப் பாசை தெரிந்தவர் எங்களுக்கு அவர் ஒருவர்தான்.

அம்மாவுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது. ஒருநாள் நான் தோட்டத்தால் வந்தபோது, சுவரில் இருந்த அண்ணையின் படத்தைக் காணவில்லை. அந்த இடத்தில் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்தது. "எங்கையம்மா படம்?" என்றேன். "குப்பை," என்றாள். அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போனோம். சித்தப்பா கடலில் முழுகி எழும்பி, ஈரவேட்டியோடு கரையில் நின்று, "செத்த மனுசனுக்குப் பிள்ளை எண்டு ஒண்டு இருக்குது," என்று சத்தமாகச் சொன்னார். ஐயரும் கேட்டார், மற்ற வீட்டுக் கிரியைக்கு வந்த ஆட்களும் கேட்டார்கள். அம்மா தலையை நிமிர்த்தவில்லை.

அண்ணையிடமிருந்து கடிதம் வந்தது வைகாசியில். புது விலாசம் போட்டு எழுதியிருந்தார். வேலைக்கும் போகிறாராம், படிக்கிறாராம். "ஐயாவின்ரை இருமல் எப்படி? இறைப்புக்குத் தனியப் போக விடவேண்டாம்," என்று இருந்தது. அதை வாசித்துக் காட்டியபோது அம்மா, "திரும்ப வாசி," என்றாள். வாசித்தேன். "இருமலோ? அவன் இருமலோ கேக்கிறான்?" என்று கேட்டுவிட்டுச் சுவரோடு சாய்ந்து இருந்துவிட்டாள்.

நான் அன்றைக்கே எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். அண்ணை தந்தியடித்தார். குறிப்பிட்ட நாளில் தபாற்கந்தோருக்குத் தான் எடுப்பதாகவும் வந்து நிற்கும்படியும் சொல்லியிருந்தார். இந்த முறை சித்தப்பாவுக்குச் சொல்லவில்லை. நானும் அம்மாவும் போனோம்.

எடுத்தவுடனேயே அண்ணை அழுதார். அம்மா, "அழாதை ராசா, அழாதை," என்று சொல்லிச் சொல்லித் தானும் அழுதாள். பிறகு ரெலிபோனை என்னிடம் தந்தாள்.

"ஏன் எனக்கு எடுக்கேல்லை? நம்பர் தந்தனான்தானே?" என்றார் அண்ணை.

"எடுத்தனாங்கள். ஒரு மனுசிதான் எடுத்தது."

"என்ன மனுசி? நாங்கள் இஞ்சை நாலு பெடியள்தான் இருக்கிறம்."

நான் அந்த நாலு சொல்லையும் சொன்னேன். கடுதாசி தேவைப்படவில்லை.

"அண்ணை, அது என்ன கருத்து?"

"அது... பிழையான நம்பருக்கு எடுத்திட்டீங்கள் எண்டு சொல்லியிருக்கு. அவ்வளவுதான். நீ பெயில் எண்டு கேட்டது ஃபைல், பிழை எண்டு கருத்து."

"வேறை ஒண்டுமில்லையோ?"

"வேறை என்ன? பாவம் அந்த மனுசி, மூண்டு தரமும் அதைத்தானே சொல்லியிருக்கு. நம்பரைச் சொல்லு பாப்பம்."

சொன்னேன். நடுவில் ஏழு என்று நான் சொன்ன இடத்தில் அவர் நிறுத்தினார். அது ஒன்று. நோர்வேயில் ஒன்றுக்கு மேலே நீளமாக ஒரு கோடு இழுப்பார்களாம். அண்ணைக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. நாங்கள் அதை ஏழு என்று வாசித்தோம்.

"சுன்னாகத்திலை ஒருத்தர், நோர்வேயிலை இருக்கிறவர், வேறை மாதிரிச் சொன்னவர்," என்றேன்.

"என்னெண்டு?"

நான் சொல்லவில்லை. கூண்டுக்குள் அம்மா நின்றாள். "வேறை மாதிரி," என்றேன்.

"அவருக்குத் தெரியாமல் இராது. இஞ்சை வந்த முதல் மாசத்திலை ஆருக்கும் தெரிஞ்சுபோற கதை உது. ரெலிபோன் எடுக்கிறவன் எல்லாரும் கேட்டிருப்பான்."

வெளியே வந்து பஸ்சுக்கு நின்றபோது ஓடிப்போய் மதிலோரம் சத்தியெடுத்தேன். அம்மா முதுகைத் தடவினாள். வெயில் என்று நினைத்தாள்.

வீட்டுக்கு வந்து சித்தப்பாவுக்கு விசயத்தைச் சொன்னேன். அவர் வெட்கப்படுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே காலை ஆட்டினார்.

"பிழையான நம்பரோ? சரி. இப்ப என்ன?"

"ஊரெல்லாம் சொன்னீங்களே சித்தப்பா. போய்ச் சொல்லுங்கோ, அது பிழை எண்டு."

"சொன்னதைத் திரும்பப் போய்ச் சொல்லேலுமே? என்னை விசரன் எண்டெல்லே நினைப்பினம்?"

அவர் சொல்லவேயில்லை. நான் சொன்னேன். கோயிலடியில், கிணற்றடியில், சங்கக்கடையில் கண்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஓ, அப்பிடியோ," என்பார்கள். முகத்திலிருந்து அந்தத் தெளிச்சி போய்விடும். பிழையான நம்பர் என்பது யாருக்கும் ருசிக்கவில்லை. மாஸ்ரரிடம்கூடப் போனேன். அவர், "அது சரி, பெடியன் பாஸோ?" என்று கேட்டார்.

அம்மா படத்தைத் திரும்பச் சுவரில் கொழுவினாள். துடைத்துத்தான் கொழுவினாள். ஆனால் அதற்குப் பிறகு அதை அவள் நேராகப் பார்த்து நான் கண்டதில்லை.

ஐயாவின் ஆட்டைத் திவசம், முதல் வருசத்துக் கிரியை, முடிந்த கையோடு சித்தப்பா ஒரு புரோக்கரைக் கூட்டிக்கொண்டு வந்தார். சித்தப்பா வாயெல்லாம் பல்லாக நின்றார். எனக்கு நோர்வே மாப்பிள்ளை பொருந்தியிருக்கிறதாம். அவர்களாகவே கேட்டு வந்திருக்கிறார்களாம். சாதகமும் பொருத்தமாம். எந்த ஊர் என்று அம்மா கேட்டாள்.

"சுன்னாகம்," என்றார் சித்தப்பா. "உவள் கண்ட ஆள்தான், இந்த வருசமும் லீவிலை வந்து நிக்கிறார். அண்டைக்குக் கண்டதிலையிருந்து அவருக்கு இவளிலை ஒரு விருப்பமாம்."

நான் மாட்டேன் என்று சொன்னேன். சித்தப்பா, பெண் பார்க்க வருவதைத் தடுக்க முடியாது, சொல்லிவிட்டேன் என்றார். அம்மா என்னை அறைக்குள் கூப்பிட்டு, "வந்து பாத்திட்டுப் போகட்டும் பிள்ளை. ஐயா இல்லாத வீடு. சித்தப்பாவையும் பகைச்சுக்கொண்டு நாங்கள் ஆரிட்டைப் போறது?" என்றாள். அவளுக்கு அந்த ஆள் வேறு மாதிரிச் சொன்னார் என்பது தெரியும். கருத்துத் தெரிந்துகொண்டே சொன்னார் என்பதை நான் சொல்லியிருக்கவில்லை. தெரியாமல் சொல்லியிருப்பார் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வந்தார்கள். தாயும் மகனும் புரோக்கரும். மகன் மினுங்குகிற சப்பாத்தோடு, விரலில் திறப்புக்கோர்வையைச் சுழற்றிக்கொண்டு இருந்தார். நான் தேத்தண்ணித் தட்டோடு விறாந்தைக்கு வந்தேன். தாய் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னாள்:

"என்ரை மோன் அங்கை வேலையாலை வந்தால் உங்கடை பிள்ளையின்ரை குரலைத்தான் ரேப்பிலை போட்டுக் கேக்கிறவனாம். கூட இருக்கிற பெடியளுக்கும் போட்டுக் காட்டினவனாம். அவ்வளவு விருப்பம்."

சித்தப்பா சிரித்தார். புரோக்கர் சிரித்தார். அந்த ஆள் வெட்கப்படுவதுபோலக் குனிந்தார். என் உடம்பெல்லாம் ஏதோ ஊருவதுபோல இருந்தது. யாரோ தெரியாத ஆண்கள், ஏதோ ஒரு குளிர் அறையில் இருந்துகொண்டு, ஐயா செத்த துக்கத்தில் நான் சொன்ன சொல்லைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுச் சிரித்திருக்கிறார்கள். அதை விருப்பம் என்று ஒரு தாய் எங்கள் விறாந்தையில் இருந்து சொல்கிறாள்.

தட்டை நான் யாருக்கும் நீட்டவில்லை. நிலத்தில் வைத்தேன்.

"அதின்ரை கருத்துப் பிழையான நம்பர் எண்டதுதான்," என்றேன். "இவருக்கு அண்டைக்கே தெரியும்."

"பிள்ளை!" என்றார் சித்தப்பா.

"அட, அதைச் சொல்லுறீரோ?" அந்த ஆள் நிமிர்ந்தார். குரலில் ஒரு பதற்றமும் இல்லை. "பகிடிக்குச் சொன்னது. பெடியளோடை இருந்தன், சும்மா ஒரு பகிடி. உமக்கு இனி அந்தப் பாசை தேவைப்படுந்தானே. நானே படிப்பிக்கிறன்."

அம்மா அதுவரை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆண்கள் இருக்கிற இடத்தில் குரலை உயர்த்தாதவள். இப்போதும் உயர்த்தவில்லை.

"தம்பி, உமக்கு அண்டைக்கே கருத்துத் தெரியுமோ?"

"ஓம் மாமி, தெரியும். ஆனால்—"

"பிழையான நம்பர் எண்டு நீர் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நாங்கள் சரியான நம்பரைத் தேடியிருப்பம். என்ரை பிள்ளை தகப்பனுக்கு எண்டு அங்கை நிண்டு ஒருக்கால் முழுகியிருப்பான்." கொஞ்சம் மூச்செடுத்தாள். "நான் என்ரை பிள்ளையைக் குப்பை எண்டனான். எழும்புங்கோ. போயிட்டு வாங்கோ."

உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. அந்தத் தாய்தான் முதலில் எழும்பினாள். "ஒரு பகிடி விளங்காத சனம்," என்றாள் புரோக்கரிடம். மகன் போகும்போது என்னைப் பார்த்து, "நல்லா யோசியும்," என்றார். நான் அவருடைய பெருவிரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். நகத்தைச் சீராக வெட்டி வைத்திருந்தார்.

சித்தப்பா அன்று கத்திய கத்தல் ஒழுங்கை முழுக்கக் கேட்டது. ஒரு சொல்லுக்காக நோர்வே மாப்பிள்ளையை விட்ட குடும்பம் உலகத்திலேயே எங்களுடையதுதானாம். பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். அம்மா அதற்காக ஒருநாளும் கவலைப்பட்டதாகக் காட்டவில்லை. தோட்டத்துக்குக் கூலிக்கு ஆள் பிடித்தோம். குலைகளை நானே சைக்கிளில் கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோனேன். ஆட்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டேன்.

அந்த ஆளுக்கு அந்த மாதமே வேறு இடத்தில் கலியாணம் நடந்தது. பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் இரண்டு வருடம் கழித்து ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைக் கட்டினேன். அண்ணை எழுத்தில் சம்மதம் சொன்னார். அவரால் வர முடியவில்லை.

தொண்ணூற்றிமூன்றிலோ நாலிலோ, சுன்னாகத்துக்குக் கிட்ட என் கணவரின் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தோம். பக்கத்துக் கோயிலில் திருவிழா. ஊரில் மின்சாரம் போய் வருடக்கணக்காகிவிட்டது. மண்ணெண்ணெயும் சொட்டுச் சொட்டாகத்தான் கிடைக்கும். ஆனாலும் ஜெனரேற்றர் வைத்து ஒலிபெருக்கி போட்டிருந்தார்கள். அந்த ஒலிபெருக்கிகளை அன்பளிப்புச் செய்தவர் நோர்வேயில் வாழும் இன்னார், அவருடைய குடும்பத்துக்கு அம்பாளின் அருள் கிடைக்கட்டும் என்று பூசைக்குமுன் அறிவித்தார்கள். பூசைக்குப் பிறகும் அறிவித்தார்கள். பெயரைக் கேட்டவுடனேயே, என் குரலை ரேப்பில் பதிந்த அந்த ஆள்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நல்ல மனுசன்," என்றாள் பக்கத்தில் நின்ற பெண். "போன இடத்திலையும் ஊரை மறக்காதது. தெரியுமோ உங்களுக்கு?"

"ஓம்," என்றேன், "தெரியும்."

அவள் இன்னும் ஏதும் சொல்வேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கணவரிடம் வீட்டுக்குப் போவோம் என்றேன். பிரசாதம் கொடுக்கவில்லையே என்றார். வேண்டாம் என்றேன்.